மூன்றாவது ஏரி

மலையேற்ற வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு, உச்சிப் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஏரிகளைப் பார்த்துவிட்டு அன்று மாலையே இறங்கிவிடத் திட்டமிட்டேன். போக வர 18 கிலோமீட்டர். ஏற்றம் 1,200 மீட்டர். 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும் என்கிறது. அதன்படி ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால் அது ஓய்வைச் சேர்க்காத கணக்கு. போதாக்குறைக்கு, 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஆகவே ஒன்பது மணி நேரம் ஒதுக்கி, பிற்பகல் இடிமேகம் திரளும் முன் இறங்கிவிடுவதற்காக விடியுமுன்பே கிளம்பினோம்.

முதல் ஏரி பச்சையும் நீலமும் கலந்து, பால் ஊற்றியதுபோல் கலங்கலாகத் தெரிந்தது. பனியாறு பாறையை அரைத்து விடும் மாவு போன்ற துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, குழுவில் ஒரு பெண் தமக்குக் கொடுத்த பிஸ்கட்டைப் பிரிக்காமலேயே பையில் வைத்துக்கொண்டார். பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

இரண்டாவது ஏரிக்கரையில் அவரால் காலணிக் கயிற்றை முடிச்சுப்போட முடியவில்லை. விரல்கள் கயிற்றைத் தேடித் தேடித் தவறவிட்டன. “தலை லேசா வலிக்குது, அவ்வளவுதான் சார்” என்றார். ஒரு பாதத்தின் விரல்நுனியில் மறு பாதத்தின் குதிகால் படும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் பக்கவாட்டில் தள்ளாடினார். உயரம் மூளையைப் பாதிக்கத் தொடங்கியதன் அறிகுறி அது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

“இன்னும் நாற்பது நிமிஷம்தானே?” என்று மற்றவர்கள் கேட்டது நியாயமான ஏக்கம். வழிகாட்டி நான் ஒருவனே இருந்ததால், குழுவைப் பிரிக்காமல் எல்லோரையும் இறக்கினேன். கற்குவியல் சரிவில் அவருடைய பையை என் மார்பில் மாட்டிக்கொண்டு, அவர் கையை என் தோளில் வைத்து, ஒவ்வோர் அடியாக நடந்தோம். ஏறக்குறைய 700 மீட்டர் கீழே வந்த பிறகு, என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தனியாக நடந்தவர், சிறிது தூரத்தில் நின்று, “என் பையில பிஸ்கட் இருக்கும், எடுத்துத் தர்றீங்களா?” என்று கேட்டார்.