கார்பன்-12 உடையும் கணக்கு: மூன்றாம் வாரம்

அதிவேக மோதல்களில் துகள்கள் பிறப்பதை விளக்க என்ரிக்கோ ஃபெர்மி 1950-இல் ஒரு புள்ளியியல் முறையை முன்வைத்தார். கிளர்வுற்ற சிறிய அணுக்கருக்கள் உடைவதைக் கணக்கிடவும் அது பின்னர் பயன்பட்டது. அதைத்தான் நிரலாக எழுதி வருகிறேன். உள்ளே நடக்கும் விசைகளின் சிக்கலை அது தொடுவதில்லை. எந்தெந்தத் துண்டுகளாக உடையலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வழிகள் என்று மட்டும் எண்ணுகிறது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கார்பன்-12 அணுக்கருவுக்கு 40 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொடுத்தேன் (கீழே வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் இதே அலகில்). மூன்று ஆல்ஃபாக்களாக, அதாவது ஹீலியம்-4 அணுக்கருக்களாக, பிரிய 7.27, பெரிலியம்-8 உடன் ஓர் ஆல்ஃபாவாகப் பிரிய 7.37 செலவாகும். மீதி துண்டுகளின் இயக்க ஆற்றல். உடையும் கன அளவை 110 கன ஃபெம்டோமீட்டர் என்று வைத்தேன். கூலும் விலக்கை, அதாவது நேர்மின்னூட்டத் துண்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதை, இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் மூன்று ஆல்ஃபா வழி பெரிலியம் வழியைப்போல் ஆறு மடங்கு வந்தது. கன அளவில்தான் பிழை என்று நம்பி இரண்டு மாலைகளைச் செலவழித்தேன். பிறகு வழிகளைத் தாளில் எழுதியபோது புரிந்தது: மூன்று ஆல்ஃபாக்களுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பதுபோல, அவை இடம் மாறும் ஆறு விதங்களையும் நிரல் தனித்தனியாக எண்ணியிருந்தது. 3! கொண்டு வகுத்ததும் இரு வழிகளும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. ஆற்றலை 20 ஆகக் குறைத்தால் மூன்று ஆல்ஃபா வழி நான்கில் ஒரு பங்காகச் சரிகிறது. காரணம் சூத்திரத்திலேயே உள்ளது: இரண்டு துண்டுகளாக உடையும் வழியின் எடை (அந்த வழிக்கான வாய்ப்பின் அளவு, நிறை அல்ல) மீதி ஆற்றலின் வர்க்கமூலமாகவும், மூன்று துண்டுகளாக உடையும் வழியின் எடை அதன் வர்க்கமாகவும் வளரும்.

புரோட்டானும் போரான்-11-உம் கொண்ட வழி என்னை வியக்க வைத்தது. 15.96 செலவழித்தும் 40-இல் அது பெரிலியம் வழியைவிட 1.4 மடங்கு கனமாக இருக்கிறது. தற்சுழற்சி (spin) நிலைகள் புரோட்டானுக்கு 2, போரான்-11-க்கு 4; அவை 2×4 என எட்டு மடங்கு கூட்டிவிடுகின்றன.

நேற்று பெரிலியம்-8-இன் கிளர்நிலையையும் சேர்த்தேன்; அது மிகக் குறைந்த ஆற்றலுள்ள அடிநிலையைவிட 3.03 மேலே உள்ளது. தற்சுழற்சி 2 என்பதால் ஐந்து நிலைகள். பெரிலியம் வழி சுமார் 5.8 மடங்காகப் பெருத்து, சமநிலை குலைந்தது. அந்த நிலையின் அகலம், அதாவது அதன் ஆற்றல் பரவியிருக்கும் அளவு, சுமார் 1.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். அகலம் கூடினால் ஆயுள் குறையும். ஆயுள் 10⁻²² நொடி அளவிலானது. அடிநிலையோ 10⁻¹⁶ நொடி வாழ்கிறது. அடிநிலையைத் தனித் துண்டு என்று எண்ணுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. கிளர்நிலையை அப்படி எண்ணினால், மூன்று ஆல்ஃபா வழியில் ஏற்கெனவே எண்ணிய சிலவற்றை மறுபடி எண்ணுகிறேனோ என்ற ஐயம் எழுகிறது. இந்த வாரம் இரண்டு விதமாகவும் ஓட்டி, ஆல்ஃபாக்களின் ஆற்றல் பரவலை ஒப்பிடப் போகிறேன்.