கால் படும் முன்

இரவில் பனி கொட்டியிருந்தால் கண் திறக்காமலே தெரிந்துவிடும். தெருவில் சத்தமே இருக்காது. புதுப்பனி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் தெரு அதிகாலை 5 மணிக்கு அப்படி அடங்கிக் கிடந்தால் நான் தேநீர் போடுவதில்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு பனி வழிக்கும் சவலை எடுத்துவிடுவேன்.

கார் நிறுத்தும் இடம் 6 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம். 10 சென்ரிமீற்றர் விழுந்தால், பஞ்சு போன்ற புதுப்பனிகூட ஏறக்குறைய 300 கிலோ வரும். அத்தனையையும் தூக்கி எறிய நினைத்தால் இடுப்புப் போய்விடும். தள்ள வேண்டும். நடுவில் நீளமாக ஒரு பாதை, பிறகு அங்கிருந்து இரு பக்கமும் புல்தரையை நோக்கி. சவலில் மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துக்கொண்டால் ஈரப்பனி ஒட்டாது. பக்கத்து வீட்டு முதியவர் சொல்லித்தந்த வித்தை இது.

முதல் தள்ளிலேயே சவலின் விளிம்பு தாரில் உரசும். 'கிறீச்' என்ற அந்த ஓசைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை நீளும். எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொள்வது அந்த இடத்தில்தான். ஓரத்துப் பனி வெட்டிய சுவராக நிற்கும். உற்றுப் பார்த்தால் அடியில் போன வாரத்துச் சாம்பல் நிறம், நடுவில் உறைமழை விட்டுப்போன கண்ணாடிக் கோடு, மேலே இன்றைய வெள்ளை. மாரி முழுவதும் அங்கே அடுக்கடுக்காக இருக்கும்.

காரோ காலோ ஏறும் முன் வழித்துவிட வேண்டும். மிதிபட்ட பனி இறுகித் தரையைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அது பனிக்கட்டி. பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையையும் தாண்டிக் குளிர்ந்துவிட்டால் சாதாரண உப்பும் அதிகம் உதவாது.

யாழ்ப்பாணத்தில் அம்மாவும் இதே அவசரத்தோடுதான் முற்றம் கூட்டுவார். மணலில் ஈர்க்குமாறு விசிறி விசிறியாகக் கோடு போட்டுக்கொண்டு போகும். வேப்பஞ்சருகு முழுவதும் ஒரு மூலைக்குச் சேரும்வரை நாங்கள் விறாந்தையை விட்டு இறங்கக் கூடாது.

2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் சில பகுதிகளில் 55 சென்ரிமீற்றர் வரை பனி விழுந்தது. அன்று மூன்று தடவை வெளியே இறங்கினேன். மூன்றாம் தடவை, தெருவை வழித்துச் சென்ற வண்டி எங்கள் வாசலில் இடுப்பளவுக்கு ஒரு கட்டு கட்டிவிட்டுப் போயிருந்தது. அது தள்ள முடியாத பனி. கட்டி கட்டியாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். முடித்தபோது இருட்டிவிட்டது. தெருவிளக்கில் ஈரத்தார் பளபளக்க, அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மாரியில் அம்மா எங்களோடு இருந்தார். சவலைச் சாத்திவிட்டுத் திரும்பும்போது யன்னல் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அம்மா விரலால் காட்டினார்: காரின் பின்சக்கரத்துக்கு அருகில், ஒரு முழ அளவுக்குப் பனி மிச்சம்.

அதையும் வழித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.