மை விரலோடு கூந்தன்குளத்துக்கு

தேர்தல் வேலையில் எனக்கு விழுந்தது இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர் பொறுப்பு. 17ஏ என்னும் வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கு, இடது ஆள்காட்டி விரலில் மை வை, சீட்டைக் கொடு. 2024 ஏப்ரல் 19, காலை 7 முதல் மாலை 6 வரை இதேதான். அதற்கு முன்பே, விடிகாலை 5.30-க்கு, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் 50 மாதிரி வாக்குகளும் போட்டுக் காட்டியாயிற்று. இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது ராத்திரி மணி இரண்டு. ஓட்டுப் போட்டவர்களுக்கு விரலில் ஒரு கோடு. எனக்கு நாலு விரலும் கறுப்பு.

சனிக்கிழமை முழுக்கத் தூங்கலாம் என்று பார்த்தால், வாட்ஸ்அப். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்ற விதி எங்கள் குடும்பக் குழுவுக்குக் கிடையாது போல. தம்பிக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று வாரமாகச் சண்டை. அன்றைக்கு மதியம் சித்தப்பா குழுவை விட்டே வெளியேறிவிட்டார். வாக்கு எண்ணிக்கையோ ஜூன் 4-ல். இன்னும் ஒன்றரை மாதம் இதை எப்படித் தாங்குவது?

ஞாயிறு விடியுமுன் தம்பியை எழுப்பினேன். "ஏலே, வண்டிய எடு. கூந்தன்குளம் போவோம்."

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த குளம் இது. ஆனால் அதற்கு ரொம்ப முன்பிருந்தே ஊர்க்காரர்கள் இந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மணிமுத்தாற்றுத் தண்ணீர் கால்வாயில் வந்து குளத்தை நிரப்பும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைப் பார்க்க வேண்டுமென்றால் தை மாசம் வந்திருக்க வேண்டும். நாங்கள் போனபோது அவை கிளம்பிப் போயிருந்தன. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அந்த வருத்தம் ஊருக்குள் நுழைந்ததும் போய்விட்டது. தெருவில், வீட்டு வாசலில், வேப்ப மரத்தில், எங்கே பார்த்தாலும் கூடு. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குளத்தை விட்டுவிட்டு மனுசர் தலைக்கு மேலேயே குடித்தனம் நடத்துகின்றன. சுவர், ஓடு, நிறுத்தியிருந்த சைக்கிள் எல்லாம் எச்சம் பட்டு வெள்ளை. மீன் வாடை மூக்கைத் துளைத்தது. உண்மையைச் சொன்னால், என் வீட்டு முன்னால் இப்படி ஒரு மரம் இருந்தால் நான் ஒரு வாரம்கூடப் பொறுக்க மாட்டேன். இவர்கள் அந்த எச்சத்தைத்தான் வயலுக்கு எருவாகப் போடுகிறார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை.

ஒரு திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தோம். ஒன்பது மணி வெயிலே சுள்ளென்று இருந்தது. ஒரு தாய் நாரை கூட்டின் ஓரத்தில் நின்று இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்துக்கொண்டது. நிழலில் மூன்று குஞ்சுகள். வெயில் நகர நகர அதுவும் ஓரடி நகர்ந்து நின்றது. குஞ்சுகள்தான் ஓயாமல் கத்தின. பெரியவற்றுக்குக் குரலே இல்லை எனலாம். சொல்ல வேண்டியதை அலகைத் தட்டித்தான் சொல்கின்றன. வாரக்கணக்கில் ஒலிபெருக்கி ஆட்டோக்களைக் கேட்ட காதுக்கு அந்த டக்டக் சத்தம் எவ்வளவோ தேவலை. தம்பி போனைப் பைக்குள் போட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

"எங்கேருந்து வாறீய?" திண்ணைக்குச் சொந்தக்கார ஆச்சி. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே ஒரு கூழைக்கடாக் குஞ்சு, ராத்திரிக் காற்றில் கூட்டிலிருந்து விழுந்ததாம். சரணாலயக் காவலர் வந்து எடுத்துப் போகும்வரை இவர் பொறுப்பு. வாடகைக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல அலுத்துக்கொண்டே பார்த்தார். "தின்னே தீக்கும் மூதி."

சின்ன மீன் ஒன்றை என்னிடம் நீட்டினார். "பயப்படாம குடும்மா."

குஞ்சு மீனை விட்டுவிட்டு என் கறுத்த விரலைக் கவ்வியது. பல் இல்லாத வாய், வெதுவெதுப்பாக, ஈரமாக. நான் அலறியதில் ஆச்சி சிரித்தார், தம்பியும் சிரித்தான். "மீனுன்னு நெனச்சிருச்சு," என்று தன் விரலைக் காட்டினார். அதிலும் மை. "என்னையும் அப்படித்தான் கவ்வுச்சு, காலைல."

தம்பி அதைப் படம் எடுத்தான். குழுவில் போடவில்லை, சித்தப்பாவுக்குத் தனியாக அனுப்பினான். மூலைக்கரைப்பட்டியில் டீ குடிக்க நின்றபோது பதில் வந்திருந்தது: "அக்கா வெரல் பத்திரமா?"