விறகுக் கட்டம்

பிச்சாவரத்தில் எனக்குக் கணக்கெடுக்கும் வேலை. அலையாத்திக் காட்டிலிருந்து ஜனங்களுக்கு என்ன கிடைக்கிறது, அது கூடுகிறதா குறைகிறதா என்று வருடாவருடம் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். மீன், இறால், நண்டு, விறகு, ஆட்டுக்குத் தழை என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் ஒரு கட்டம்.

இரண்டாவது சுற்றில் பல வீடுகளில் விறகுக் கட்டம் காலி. 'விறகுப் பயன் சரிவு' என்று எழுதி அனுப்பியும் விட்டேன். பிறகு ஒரு பாட்டிதான் சிரித்தார்: "அடுப்புதான் தம்பி மாறிப்போச்சு, காடு அப்படியேதான் கெடக்கு." கேஸ் வந்திருந்தது. அப்புறம்தான் படிவத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் சேர்த்தோம்.

நண்டு விஷயம் நேர் எதிர். ரூபாயில் கேட்டதால் வருமானம் ஏறிக்கொண்டே போனது, ஏறியது விலை. எத்தனை நண்டு, எத்தனை மணி நேரம் என்று கேட்க ஆரம்பித்ததும் கதை மாறியது. இருளர்கள் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறி என்ற கூடையில் போடுவார்கள். அவர்களிடம் போய் எத்தனை கிலோ என்றால்? "அரைப் பறி" என்பார்கள். அதை நான் உட்கார்ந்து கிலோவாக மாற்றினேன். வீட்டுக்கு வீடு பறியின் அளவு வேறு என்பது கூடத் தெரியாமல்.

இதைவிடப் பெரிய சிக்கல், எந்த வருடத்திலிருந்து எண்ணுவது என்பது. ஒரு காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் உள்வாங்கித் தொட்டிபோல் ஆனது. அங்கே தேங்கிய கடல்நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, கன்று முளைக்கவில்லை. 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்துபோக விட்டதும் பச்சை திரும்பியது. வாய்க்காலுக்கு முந்தைய வருடத்தை வைத்தால் எல்லாம் ஏறுமுகம். வெட்டுவதற்கு முந்தைய வருடத்தை வைத்தால் இன்னும் கடன் தீரவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது, கையில் தரவு இருந்த வருடம். சரி, வேறு என்ன செய்ய?

கடைசிக் கட்டம் 'அலைத் தடுப்பு'. 2004 சுனாமியில் மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற ஊர் அழிந்தது; காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அலை வராத வருடத்தில் அங்கே எந்த எண்ணைப் போடுவது? பூஜ்யம் போட மனசு வரவில்லை. இந்த வருடமும் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன்.