ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வு: ஆங்கிலப் பகுதியின் 20 நிமிடத்தை நான் கடந்த விதம்

பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐபிபிஎஸ் நிறுவனம் நடத்தும் கிளார்க் தேர்வுக்குத் தயாராகும் தமிழ்வழி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்கும் ரீசனிங் என்ற தர்க்கத் திறன் பகுதியும் இப்போது தமிழிலேயே வருகின்றன. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணிக்கான முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளை ஆங்கிலம், இந்தியோடு 13 வட்டார மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் சொன்ன பிறகு கிடைத்த வசதி அது. எங்கள் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்து நன்றாகக் கணக்குப் போடுகிற பலர் அந்த ஒரு இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். அவர்களுக்குக் கெட்டிக்காரத்தனம் குறைவு என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அந்தப் பகுதியை எப்படி அணுகுவது என்று அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மதிப்பெண், 20 நிமிடம். அந்த நேரம் முடிந்ததும் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும், திரும்பி வர முடியாது. தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் குறையும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தனி கட்-ஆஃப், அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், உண்டு. அதனால் கணக்கில் முழுசாக வாங்கினாலும் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தேற முடியாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவள். கல்லூரி முடித்ததும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். நூற்றுக்கணக்கான கடினச் சொற்களை அச்சடித்துக் கொடுத்து, மனப்பாடம் பண்ணி வரச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவை எந்தக் கேள்வியிலும் வந்து நான் பார்க்கவில்லை. பிறகு புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் வருவார்கள். அப்படிப் பழக்கமானவர் ஒரு திருமங்கலத்து அக்கா. ஏற்கெனவே வங்கியில் கிளார்க்காக இருந்துகொண்டு பி.ஓ. எனும் வங்கி அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லப்போவதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது.

முதல் நாளே அவர் கேட்டது நினைவிருக்கிறது. "ஏம்மா, பள்ளிக்கூடத்துல எழுவாய் பயனிலை படிச்சியா?"

"படிச்சேன்க்கா."

"அப்ப பாதி கிராமர் உனக்குத் தெரியும். அதை எடுத்து இங்க வை, போதும்."

வாக்கியத்தில் தவறு எங்கே என்று கேட்கும் எரர் ஸ்பாட்டிங் கேள்விகளில் பெரும்பகுதி எழுவாயும் வினையும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் சோதிக்கின்றன. தந்திரம் என்னவென்றால், இரண்டுக்கும் நடுவில் ஒரு நீளமான தொடரைச் செருகி நம் கண்ணை ஏமாற்றுவார்கள். அக்கா எனக்காக எழுதிக் காட்டிய ஒரு வாக்கியம்: "தி ப்ரைஸ் ஆஃப் தி ஜாஸ்மின் ஃப்ளவர்ஸ் சோல்ட் இன் மதுரை ஹேவ் ரிசன்." பூக்கள் என்று பன்மை பக்கத்திலேயே நிற்பதால் 'ஹேவ்' சரி மாதிரி காதில் விழும். ஆனால் உயர்ந்தது பூ இல்லை, விலை. 'ஆஃப்' தொடங்கி 'மதுரை' வரைக்கும் மனசுக்குள் அடைப்புக்குறி போட்டு மூடிவிட்டால் மிச்சம் இருப்பது 'தி ப்ரைஸ்... ஹேவ் ரிசன்'. உடனே 'ஹேஸ்' என்று வாய் தானாகத் திருத்திவிடும். இந்த அடைப்புக்குறிப் பழக்கம் ஒன்றை மட்டும் ஒரு வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

நம் ஆட்கள் இந்த இடத்தில் வழுக்குவதற்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினையைத்தான் போடுகிறோம். "மாடுக மேயுது", "வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு" என்றுதான் சொல்கிறோம், அது நமக்குத் தவறாகப் படுவதே இல்லை. ஆட்களைப் பற்றிய வாக்கியம் என்றால், "அவங்க வந்தாங்க" என்ற பழக்கத்தால் ஆங்கிலத்திலும் சரியாகப் பிடித்துவிடுகிறோம். பொருளோ விலங்கோ எழுவாயாக வரும்போதுதான் காது சும்மா இருந்துவிடுகிறது. அதனால் அஃறிணை எழுவாய் வந்தால் இரண்டாவது முறை பாருங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. 'ஒன் ஆஃப் தி' என்று வந்தால் அடுத்த பெயர்ச்சொல் பன்மை, வினை ஒருமை. 'தி நம்பர் ஆஃப்' ஒருமை, 'எ நம்பர் ஆஃப்' பன்மை. 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' வந்தால் அவற்றுக்கு முன்னால் இருப்பவர்தான் எழுவாய். 'நைதர்... நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், அட்வைஸ், லக்கேஜ் போன்றவற்றின் கடைசியில் 'ஸ்' ஒட்டியிருந்தால் அங்கேயே தவறு. 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' வராது, 'டிஸ்பைட்' பக்கத்தில் 'ஆஃப்' வராது. 'சீனியர்', 'ப்ரிஃபர்' இரண்டும் 'டூ' கேட்கும். 'நோ சூனர்' என்றால் 'தேன்', 'ஹார்ட்லி' என்றால் 'வென்'. பெரிய இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட, இப்படிப்பட்ட விதிகளை ஒரு தாளில் எழுதிவைத்து, பழைய வினாத்தாள்களில் எது எங்கே வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனது எனக்கு உதவியது.

இத்தனையும் பார்த்த பிறகும் தவறு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் தயங்காமல் 'நோ எரர்' போட்டுவிட்டு நகருங்கள். அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்திருப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

எ, ஆன், தி மூன்றும் நமக்கு உண்மையிலேயே கஷ்டம்தான். ஆனால் அதே மூன்றும், கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாரா ஜம்பிளில் நம் பக்கம் நின்று உதவும். கலைந்து கிடக்கிற வாக்கியங்களில் ஒன்றில் 'எ ஃபார்மர்' என்றும் இன்னொன்றில் 'தி ஃபார்மர்' என்றும் இருந்தால், 'எ' இருப்பதுதான் முன்னால் வரும். ஆளை அறிமுகப்படுத்திய பிறகுதானே 'அந்த விவசாயி' என்று சொல்ல முடியும்? ஹீ, தே, திஸ், சச் என்று தொடங்கும் வாக்கியம் முதலாவதாக வருவது அபூர்வம். 'ஹவெவர்' என்று தொடங்கினால் அதற்கு முன்னால் அதை மறுக்கிற மாதிரி ஒன்று இருந்தாக வேண்டும். முழு வரிசையையும் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், உறுதியாகச் சேருகிற ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் போதும். கொடுத்திருக்கும் விடை விருப்பங்களில் பல அப்போதே கழிந்துவிடும்.

சரி, இப்போது பத்திக்கு வருகிறேன். பத்தியைப் படித்துக் கேள்விகளுக்கு விடை சொல்லும் ரீடிங் காம்ப்ரிஹென்ஷனைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதைத்தான் அதிகம் நம்பினேன். அதில் பதில் கண் முன்னாலேயே இருக்கிறது. பத்தியைப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடக் கூடாது. யார், எதைப் பற்றி, என்ன சொல்கிறார், எந்த இடத்தில் பேச்சு திரும்புகிறது, இவ்வளவைத்தான் பிடிக்க வேண்டும். ஹவெவர், பட், ஆல்தோ, யெட் போன்ற சொற்கள் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். எழுதியவர் தன் சொந்தக் கருத்தைப் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சொல்வார்.

விருப்பங்களில் பொறி எப்படி வைப்பார்கள் என்பதற்கு நானே உண்டாக்கிய ஓர் எடுத்துக்காட்டு. 'சிறு நகரங்களில் யுபிஐ பயன்பாடு வேகமாகக் கூடியிருக்கிறது, ஆனாலும் சந்தை வியாபாரிகள் பலர் ரொக்கமாக வாங்குவதையே விரும்புகிறார்கள்' என்று பத்தியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் விருப்பம், சிறு நகரங்களில் ரொக்கமே மறைந்துவிட்டது என்கிறது. இது பத்தியைவிட ஒரு படி தாண்டிப் போகிறது. இரண்டாவது, யுபிஐ 2016-இல் தொடங்கியது என்கிறது. உலகத்தில் அது உண்மை, ஆனால் இந்தப் பத்தியில் எங்கும் இல்லை. மூன்றாவது, வியாபாரிகளில் ஒரு பகுதியினர் இன்னும் ரொக்கத்தை நாடுகிறார்கள் என்கிறது. பத்தியின் சொற்களை மாற்றி, அதே பொருளைச் சொல்வது இதுதான். பொது அறிவு நன்றாக உள்ளவர்கள் இரண்டாவதில் மாட்டுவதை நூலகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரிந்த விஷயம் என்பதால் கை அங்கே போய்விடுகிறது. பத்தியில் எந்த வரி என்று விரல் வைத்துக் காட்ட முடியாத விருப்பத்தைத் தொடாதீர்கள். ஆல், ஒன்லி, நெவர் என்று அடித்துச் சொல்கிற விருப்பங்களையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

படிக்கும் வேகம் கூடுவதற்கு ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆரம்பத்தில் அது சரிப்படாது என்பது என் கருத்து. நான் காலையில் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு வணிகச் செய்தியைப் படித்துவிட்டு, நூலகத்தில் அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் எடுப்பேன். ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை மாற்றாமல் விட்டது என்ற செய்தி என்றால் ஏன், எதற்கு என்பதெல்லாம் முன்பே மண்டையில் இருக்கும். கண் மொழியை மட்டும் பார்த்தால் போதும். இன்ஃப்ளேஷன், லிக்விடிட்டி, டிமாண்ட் எல்லாம் அகராதி இல்லாமலே இடத்தை வைத்துப் புரிந்துவிடும். தேர்வில் வரும் பத்திகளும் பெரும்பாலும் வங்கி, பொருளாதாரம், விவசாயம், சுற்றுச்சூழல் என்றுதான் இருக்கும். தலையங்கத்துக்கு அப்புறம் போகலாம்.

சொற்களைத் தனியாக எழுதிவைப்பதையும் நிறுத்தினேன். 'டிபெண்ட்' என்று எழுதாமல் 'டிபெண்ட் ஆன்', 'கான்சிஸ்ட்' என்று எழுதாமல் 'கான்சிஸ்ட் ஆஃப்', 'பே அட்டென்ஷன் டூ' என்று கூட்டாளியோடு சேர்த்து எழுதினேன். பத்தியில் விடுபட்ட சொற்களை நிரப்பும் க்ளோஸ் டெஸ்டில் கோடிட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் சொல்லே பல நேரம் விடையைச் சொல்லிவிடும்.

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொண்டேன். எரர் ஸ்பாட்டிங், வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பும் ஃபில்லர்ஸ் போன்ற ஒற்றைக் கேள்விகளுக்கு 6 நிமிடம், பத்திக்கு 8, க்ளோஸ் டெஸ்டுக்கு 3, பாரா ஜம்பிளுக்கு 3. பத்தியைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது என்பதில் நான் உறுதி. நேரம் ஓடும்போது பத்தியைப் படித்தால் ஒரே வரியை மூன்று தடவை படிப்போம், ஒன்றும் ஏறாது. பாரா ஜம்பிள் கடைசியில் நின்றாலும் அந்த ஒன்றோடு போகும்.

ஊகித்துப் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கேள்விக்கு ஐந்து விருப்பங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்குப் போட்டால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தவறாகும். ஒன்று வரும், நான்கு கால் சேர்ந்து ஒன்று போகும். ஆக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, நேரம்தான் வீண். ஆனால் இரண்டு விருப்பங்களைக் காரணத்தோடு கழித்துவிட முடிந்தால் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. அப்போது துணிந்து போடுங்கள். ஒன்றைக்கூடக் கழிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தேர்வு மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் விழுந்தது. வருகைப் பதிவு, கைரேகை, பரிசோதனை எல்லாம் முடிய நேரமாகும், அதனால் முன்கூட்டியே போய்விடுங்கள். திரையில் 'மார்க் ஃபார் ரிவ்யூ' என்று ஒரு பொத்தான் இருக்கும். விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை அழுத்தினாலும் அந்த விடை மதிப்பீட்டுக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். வேண்டாத விடை என்றால் அழித்துவிட்டே நகர வேண்டும்.

முதல்நிலை முடிவு வந்ததும் திருமங்கலத்து அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சரி, நாளைக்கு வா, மெயின்ஸ் பத்தி எடுப்போம்" என்றார். முதல்நிலை மதிப்பெண் அடுத்த கட்டத்துக்குள் விடுவதற்கு மட்டும்தான். இறுதிப் பட்டியலில் மெயின்ஸ் எனும் முதன்மைத் தேர்வின் மதிப்பெண்தான் எண்ணப்படும். அங்கே பத்தி இன்னும் நீளம், விருப்பங்கள் இன்னும் நெருக்கம். நாங்கள் முறையை மாற்றவில்லை, மாக் டெஸ்ட் எனும் மாதிரித் தேர்வை அலசுவதை மட்டும் கூட்டினோம். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நேராக, விதி தெரியாமல் போனதா, விதி தெரிந்தும் கண் தவறியதா, நேரம் போதாமல் அவசரத்தில் போட்டதா என்று எழுதுவோம். எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் வந்தது. அதனால் புதுப் புத்தகம் எதுவும் வாங்காமல், பழைய கேள்விகளையே அடைப்புக்குறி போட்டுப் போட்டு மறுபடி படித்தேன். மெயின்ஸ் தேறியதும் அந்த வழியில்தான். முதல் வகை அதிகம் வருகிறவர்கள் மாக் டெஸ்டை ஒரு வாரம் நிறுத்திவிட்டு விதித் தாளுக்குத் திரும்புங்கள். மூன்றாவது வகை என்றால் கேள்வி எடுக்கும் வரிசையை மாற்றிப் பாருங்கள்.