சிடி பூசித்: ஒரு தராசைப் பிடுங்கின ஊருக்குப் போயிட்டு வந்தேன்

நேத்து நைட்டுதான் துனீசியால இருந்து வந்து இறங்கினேன், பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கல, ஆனா அரபு வசந்தம்ங்கற மக்கள் எழுச்சி தொடங்கின அந்த சிடி பூசித் ஊரைப் பத்தி இப்பவே எழுதிடணும், நாலு நாள் போனா அந்தச் சூடு போயிடும். விசா, ஃப்ளைட் எல்லாம் அப்புறம் தனியா எழுதறேன்.

முதல்ல அந்த டாக்ஸி. துனிஸ் ஏர்போர்ட்ல இருந்து சிட்டிக்குள்ள வர மஞ்ச டாக்ஸி பிடிச்சேன், மீட்டர் போட்டுத்தான் வந்தார், ஹோட்டல் வாசல்ல பாத்தா மீட்டர்ல 7850னு நிக்குது, அவர் கூசாம எழுபத்தெட்டு தினார் குடுங்கறார். அங்க ஒரு தினாருக்கு நூறு காசு கிடையாது, ஆயிரம் மில்லிம். அப்ப 7850னா ஏழு தினார் 850 மில்லிம், நம்ம காசுக்கு இருநூத்திச் சொச்சம், அவர் கேட்டது ரெண்டாயிரத்துக்கு மேல! நான் பத்து நாளைக்கு எண்ணி எண்ணி வச்சிருந்த காசு அது. ரிசப்ஷன்ல இருந்த பையன் வெளிய வந்து அரபில சத்தம் போட்டதும் பத்து தினாரை வாங்கிட்டுக் கிளம்பிட்டார். புதுசா போறவங்க தயவுசெஞ்சு அந்தக் கடைசி மூணு நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க.

மறுநாள் ஹபீப் போர்கீபா அவென்யூ. 2011 ஜனவரி 14 அன்னிக்கு உள்துறை அமைச்சகத்துக்கு எதிர்ல ஆயிரக்கணக்கான ஜனம் "தெகாஜ்"னு, அதாவது "வெளிய போ"ன்னு கத்தினது இந்த ரோட்டுலதான், அன்னிக்கு சாயங்காலமே அதிபர் பென் அலி குடும்பத்தோட சவூதிக்கு ஓடினார், இருபத்து மூணு வருஷ ஆட்சி ஒரே நாள்ல காலி. ரோட்டோட ஒரு கோடியில மணிக்கூண்டு இருக்கு, அந்த சதுக்கத்துக்கு அவர் ஆட்சியப் பிடிச்ச நவம்பர் 7ங்கற தேதியைத்தான் பேரா வச்சிருந்தாங்க, இப்ப ஜனவரி 14. நான் அங்க ரொம்ப நேரம் நின்னேன், 2011ல ராத்திரி ராத்திரியா டிவி முன்னாடி உக்காந்து இதத்தானே பாத்தோம்! அமைச்சகத்தை மட்டும் போட்டோ எடுக்காதீங்க, முள்கம்பிக்குப் பின்னாடி நிக்கற போலீஸ் உடனே கையக் காட்டி விரட்டறாங்க.

ஆனா நான் போனது சிடி பூசித்துக்காக. துனிஸ்ல இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல, தெக்கால உள்நாட்டுல. ஹம்மாமெத், சூஸ்னு பீச் பக்கம் போறதுக்கு டூர் பஸ்ஸு வரிசையா நிக்குது, இந்த ஊருக்குப் போகணும்னு சொன்னா ஹோட்டல்லயே "அங்க என்ன இருக்கு"ன்னு கேட்டாங்க. லுவாஜ்தான் வழி. வெள்ளை வேன்ல சிவப்புக் கோடு போட்டிருந்தா லாங் டிஸ்டன்ஸ், எட்டுப் பேர் நிரம்பினாத்தான் எடுப்பாங்க, நம்ம ஷேர் ஆட்டோ கணக்குதான். ஒண்ணரை மணி நேரம் காத்திருந்தேன், கிடைச்ச வண்டியோ படு மோசம், என் பக்கத்துக் கண்ணாடி முழுசா மூடல, ஜனவரிக் குளிர் காது வழியா இறங்குது, டிரைவர்கிட்ட சொன்னா சிரிக்கறார். ரெண்டு பக்கமும் ஆலிவ் மரம், வயலுக்கு வேலியா சப்பாத்திக்கள்ளி.

பக்கத்து சீட்டுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார், கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். பென் அலி பத்தி, அவர் மாமனார் வீட்டு ஆளுங்க பிசினஸ் எல்லாத்தையும் வளைச்சது பத்தி சத்தமாவே பேசினார். இப்ப எப்படிங்கன்னு கேட்டதும் குரல் இறங்கிடுச்சு. 2019ல ஓட்டு வாங்கி அதிபரான கைஸ் சயீத் 2021 ஜூலைல பார்லிமென்டை முடக்கினார், அடுத்த வருஷம் தானே ஒரு அரசியல் சட்டம் கொண்டுவந்தார், பொய்ச் செய்திக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு ஆணை 54னு ஒண்ணும் போட்டார், எதிர்க்கட்சித் தலைவர்களைப் பிடிச்சு உள்ள போட்டாச்சு. இந்த நாட்டோட நாலு அமைப்புகளுக்குத்தான் 2015ல சமாதான நோபல் குடுத்தாங்க, உக்காந்து பேசியே நாட்டைக் காப்பாத்தினாங்கன்னு. எனக்கு வயிறெரிஞ்சது.

சிடி பூசித்ல இறங்கினதும் போஸ்ட் ஆபீஸ் சுவத்துல பெருசா அந்த முகம். முகமது பூஅசீசி, வயசு 26, தள்ளுவண்டில பழம் காய்கறி வித்தவர். பட்டதாரின்னு அப்ப நிறைய செய்தில வந்துச்சு, அது தப்பு, பள்ளிக்கூடமே முடிக்கல, குடும்பத்துக்காக சின்ன வயசுலயே வேலைக்குப் போனவர். 2010 டிசம்பர் 17 காலைல முனிசிபாலிட்டி ஆளுங்க அவரோட தராசையும் சரக்கையும் பிடுங்கிட்டாங்க. திருப்பிக் கேக்க கவர்னர் ஆபீசுக்குப் போனார், உள்ள விடல. அந்த வாசல்லயே தீ வச்சுக்கிட்டார், ஜனவரி 4ந்தேதி ஆஸ்பத்திரில இறந்துட்டார். ஒரு பெண் அதிகாரி அவரை அறைஞ்சாங்கன்னு கேஸ் ஓடுச்சு, அந்தம்மா இல்லவே இல்லன்னாங்க, ஏப்ரல்ல கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. அந்த அடியப் பத்திப் பேசின அளவுக்கு உலகம் அந்தத் தராசப் பத்திப் பேசல. தராசு போனா தள்ளுவண்டிக்காரனுக்கு அன்னிக்கு சோறு கிடையாதுங்கறது நம்ம ஊர் மார்க்கெட் ஓரத்துல நின்னவங்களுக்குத் தெரியும்.

அந்த வாசலுக்கு எதிர்ல நின்னப்ப எனக்கு 2009 ஜனவரி 29, சென்னை சாஸ்திரி பவன், ஈழத்துக்காகத் தீக்குளிச்ச முத்துக்குமார்தான் ஞாபகம். எந்த ஊர்லயும் ஒரு பிள்ளை இப்படிப் போகவே கூடாது. இங்க தொடங்குன கூட்டத்து மேல போலீஸ் சுட்டது, மென்செல் பூசயான், கஸ்ரீன்ங்கற ஊர்கள்ல ஜனங்க செத்தாங்க, அதுக்கப்புறம் "அஷ்-ஷஅப் யுரீத் இஸ்காத் அன்-நிஜாம்", மக்கள் இந்த ஆட்சி விழணும்ங்கறாங்கன்னு அதே கோஷம் கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்துக்கும் சிரியாவுக்கும் போச்சு. இவ்வளவு பெரிசு தொடங்கின ஊர்ல இன்னிக்கு என்ன இருக்கு? ஒரு கல்லுத் தள்ளுவண்டி சிலை, ஒரு படம், டீக்கடை முழுக்க வேலை இல்லாத பசங்க. விளையற காய்கறி எல்லாம் லாரில கடற்கரைப் பக்கம் போகுது. 2021ல இருந்து டிசம்பர் 17ஐ புரட்சி நாள்னு லீவு விடறாங்களாம், லீவை வச்சு அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க?

மதியம் ஒரு சின்னக் கடைல லப்லாபி சாப்பிட்டேன். மண் கிண்ணத்துல பழைய ரொட்டியப் பிச்சுப் போடச் சொல்லி நம்ம கையில குடுத்துடறாங்க, அது மேல கொதிக்கக் கொதிக்கக் கொண்டைக்கடலையும் சாறும், சீரகப்பொடி, ஆலிவ் எண்ணெய், ஒரு கரண்டி ஹரீசா மிளகாய் விழுது, ஒரு அரைவேக்காட்டு முட்டை. அந்தக் குளிருக்கு அமிர்தம்! காரம் நம்ம நாக்குக்கே சுர்ருனு ஏறுது. அஞ்சு தினார்கூட ஆகல, டாக்ஸிக்காரர் கேட்ட காசுல பதினஞ்சு கிண்ணம்.

கிளம்பறதுக்கு முன்னாடி மார்க்கெட் ஓரத்துல ஒரு பையன்கிட்ட ஒரு கிலோ கமலாப்பழம் வாங்கினேன், இருபது வயசு இருக்கும். கைப்பிடி தேஞ்ச தராசு, ஒரு தட்டுல இரும்புக் கல்லு, இன்னொரு தட்டுல பழம், முள்ளு நேரா நின்னப்புறமும் கொசுறா ரெண்டு எடுத்துப் போட்டான். அப்பப் பாத்து முனையில ஒரு போலீஸ் வண்டி திரும்புச்சு. அந்த வரிசைல இருந்த அஞ்சாறு வண்டிக்காரங்களும் ஒரே நேரத்துல தலையத் தூக்கினாங்க, இவன் கை தானா தராசைக் கீழ இறக்கி பழக்கூடைக்குப் பின்னாடி வச்சுது. வண்டி நிக்காமப் போயிடுச்சு. அவன் தராசை மறுபடி மேல எடுத்து வச்சு மீதிச் சில்லறைய என் கையில எண்ணிக் குடுத்தான்.