கத்திரி வெயிலில் மாட்டிய ஈஸ்ட் பார்சல்

வெளிநாட்டு லேபிலிருந்து ஈஸ்ட் வரவழைக்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் எம்டிஏ (பொருளைக் கைமாற்றும் ஒப்பந்தம்), ஐபிஎஸ்சி (நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு) என்றுதான் பயமுறுத்தினார்கள். அவை இரண்டும் சத்தமில்லாமல் முடிந்தன. என் கழுத்தைப் பிடித்தது ஒற்றைப் பக்க இன்வாய்ஸ்.

நான் கேட்டிருந்தது செக்8-1 என்ற மியூட்டன்ட், அதாவது செக்8 என்ற ஒரு ஜீன் பழுதான பிளவு ஈஸ்ட் (நடுவில் பிளந்து பெருகும் ஈஸ்ட் இனம்). செல் இரண்டாகப் பிரிய நடுவில் வளையம் சுருங்கினால் மட்டும் போதாது. புதுச் சவ்வும், சுவரைக் கட்டும் நொதிகளும், கடைசியில் அதை அறுத்துவிடும் நொதிகளும் வெசிக்கிள் என்ற குட்டிப் பைகளில் ஏறி அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். வந்த வெசிக்கிளைச் சவ்வருகே பிடித்து நிறுத்துவது எக்சோசிஸ்ட் என்ற எட்டுப் புரதக் கூட்டணி. அதில் ஒன்று செக்8. அது பழுதானால் நடுச்சுவர் எழும்பும், ஆனால் செல்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும். சிங்கப்பூர்க் குழு ஒன்று 2002இல் காட்டியது இது. செக்8-1 ஈஸ்ட், 25 டிகிரியில் ஒழுங்காக வளரும், 36இல் படுத்துவிடும். அப்படிப்பட்ட சரக்கு எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது மே மாதம்.

அனுப்பிய மாணவர் இன்வாய்ஸில் விலை என்ற இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். அவர்கள் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை போல. இங்கே சுங்க அதிகாரி கேட்டார்: "விலையே இல்லாத பொருளை எவனாவது கூரியர் செலவு பண்ணி அனுப்புவானா தம்பி?" என்ன பதில் சொல்வது! அதற்குள் எங்கள் சுங்க ஏஜென்ட் உதவி செய்வதாக நினைத்து, "ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்தான் சார்" என்று எடுத்துவிட்டார். முடிந்தது கதை. உணவுப் பொருள் என்றால் உணவுத் துறையின் தடையில்லாச் சான்று (என்ஓசி) வேண்டுமாம். இது ரொட்டி ஈஸ்ட்டே இல்லை, வேறு இனம், யாரும் சாப்பிடப் போவதில்லை என்று நான் விளக்க விளக்க, அவர் அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டார். அன்று வெள்ளிக்கிழமை.

சரக்ககத்தில் குளிர் அறை இருந்தது. ஆனால் பெட்டியில் குளிரில் வைக்கச் சொல்லும் ஸ்டிக்கர் இல்லை என்பதால் அது வெளியே தகரக் கூரைக்குக் கீழேதான் கிடந்தது.

செத்துப்போனால்கூடப் பரவாயில்லை, திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். என் பயம் வேறு. ஈஸ்ட் வந்தது அகார் ஸ்லாண்டில், அதாவது குழாயில் சாய்வாக உறையவைத்த ஊட்டக் கூழில், சாப்பாட்டோடு. சூட்டில் மியூட்டன்ட் செல்கள் நின்றுவிடும். எங்கோ ஒன்று தற்செயலாகப் பழுது நீங்கி வளரத் தொடங்கினால், குழாய் முழுக்க அதன் வாரிசுகள்தான் இருக்கும். பார்க்க வெண்ணெய் நிறத்தில் அழகாக வளர்ந்திருக்கும். அதை நம்பி மாதக்கணக்கில் சோதனை செய்தால் எல்லாம் வீண்.

கடைசியில் கதவைத் திறந்தது மூன்று தாள். பெயருக்கு ஒரு விலை போட்டு, சுங்க மதிப்பீட்டுக்கு மட்டும், வணிக மதிப்பு இல்லை என்று எழுதித் திருத்திய இன்வாய்ஸ். நிறுவன லெட்டர்ஹெட்டில் முழு அறிவியல் பெயரோடு, நோய் உண்டாக்காது, உணவுக்கோ தீவனத்துக்கோ அல்ல, ஆய்வுக்கு மட்டும் என்ற கடிதம். கூடவே ஐபிஎஸ்சி அனுமதியின் நகல் (இந்த ஈஸ்ட்டில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தின் ஜீனை ஒட்டியிருந்ததால் அது எப்படியும் தேவைதான்). வரியைவிடக் கிடங்கு வாடகை அதிகம். அதைக் கட்டும்போதுதான் வயிறு எரிந்தது.

லேபுக்கு வந்ததும் தனிக் காலனி கிடைக்கும்படி 25 டிகிரியில் கோடிழுத்து வளர்த்து, ஃப்ளாக்சின் பி என்ற சாயம் கலந்த தட்டுகளுக்கு அதே காலனிகளை நகலெடுத்து 36இல் வைத்தேன். உயிருள்ள செல் இந்தச் சாயத்தை வெளியே தள்ளிவிடும், செத்த செல்லுக்கு அது முடியாது. ஆகவே மியூட்டன்ட் காலனி அடர் ரோஜா நிறமாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் பெரும்பாலானவை வெளிறிய நிறத்தில் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. எல்லாம் பழுது நீங்கியவை! தட்டின் ஓரத்தில் சில மட்டும் அடர் ரோஜா. 25 டிகிரித் தட்டில் இருந்த அதே காலனிகளை எடுத்து வளர்த்து, 36இல் நான்கு மணி நேரம் வைத்து, கால்கோஃப்ளோர் என்ற, செல் சுவரை ஒளிரவைக்கும் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நடுச்சுவர் பளிச்சென்று ஒளிர, பிரியாத செல்கள் வரிசையாக நின்றன. எங்கள் லேப் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உடனே கிளிசராலில் போட்டு மைனஸ் எண்பதில் வை, இரண்டு பெட்டியில் வை" என்றார். வைத்தாயிற்று.

வரவழைக்கிறவர்களுக்கு: ஸ்லாண்ட் வேண்டாம், ஃபில்டர் பேப்பரில் உலர்த்தி அலுமினியத் தாளில் மடித்து அனுப்பச் சொல்லுங்கள். சாப்பாடு இல்லாததால் எதுவும் வளராது. சூட்டில் கொஞ்சம் செத்தாலும் மிச்சம் இருப்பது நீங்கள் கேட்டதாகவே இருக்கும். பேப்பர் என்பதால் அனுமதித் தாள்கள் வேண்டாம் என்று ஆகிவிடாது, அதே மூன்றும் வேண்டும். இன்வாய்ஸை அனுப்பும் முன்பே மெயிலில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை கிளம்பட்டும். அப்புறம், ஏஜென்ட்டோடு கவுன்டருக்கு நீங்களும் போங்கள். ஈஸ்ட் என்றால் என்ன என்று அவர் விளக்கத் தொடங்கும் முன் கடிதத்தை நீட்டிவிடுங்கள்.